கும்பிட்டபோது திரும்பிய நாற்காலி

கையில் ஒரு ஸ்பேனர் கிடைத்துவிட்டால் போதும், சில ஆண்களுக்குப் படிக்காத இன்ஜினியரிங் எல்லாம் தெரிந்துவிடும். எனக்கு அந்த வியாதி முற்றிய நிலை.

அக்கா மகள் கல்யாணத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது மாடிப்படியில் வழுக்கி வலது காலை உடைத்துக்கொண்டேன். தொடைவரை மாவுக்கட்டு. தாய்மாமன் இல்லாமல் கல்யாணமா? திண்டுக்கல்லில் ஒரு சக்கர நாற்காலியை வாடகைக்குப் பிடித்தோம்.

அதில் இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக். பிடியைத் தள்ளினால் ஒரு இரும்புக் கட்டை டயரை அழுத்திப் பிடிக்கும். இடது பிரேக்கை மட்டும் கொஞ்சம் உன்னித் தள்ள வேண்டியிருந்தது. (அதுதான் சரியான இறுக்கம் என்று அப்போது யாருக்குத் தெரியும்? சரி, என் மனைவிக்குத் தெரியும்.) போல்ட்டைத் தளர்த்தி, பிரேக்கை டயரிலிருந்து சற்றே விலக்கி முடுக்கினேன். இப்போது ஒற்றை விரலால் தள்ளினாலே ‘டக்’.

“பிரேக்கப் போட்டுட்டுத் தள்ளிப் பாத்தீகளா?” என்றாள் மனைவி செல்வி.

“அதான் டக்குன்னு சத்தம் வருதுல்ல? இன்னும் என்னத்தத் தள்ளிப் பாக்க?”

அகரம் பக்கம் மண்டபம். வாசலில் சரிவு. சரிவின் ஓரத்தில் பன்னீர், சந்தனம், கற்கண்டு வைத்த மேசை.

“மேல சமமா இருக்குற எடத்துல இருங்க” என்றாள் செல்வி.

சரிவின் நடுவில் இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு பிரேக்கையும் போட்டுக்கொண்டு, சக்கரங்களின் மேல் கைகளை வைத்தபடி ராஜா மாதிரி உட்கார்ந்தேன். நாற்காலியை நிறுத்தி வைத்திருந்தது அந்தக் கைகள்தான் என்பது எனக்குத் தெரியாது.

ஒட்டன்சத்திரத்திலிருந்து வேன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா வெள்ளைப் பட்டுச் சட்டையில் மேசையருகே வந்தார். இரண்டு கைகளையும் எடுத்துக் கூப்பினேன்.

“வாங்க சம்பந்தி, வாங்...”

வலது சக்கரம் நின்றது. இடது சக்கரம் இறங்கியது. நாற்காலி வலப்பக்கம் திரும்ப, நீட்டியிருந்த மாவுக்கட்டுக் கால் வட்டமடித்தது. கால் வட்டம்தான் (இரண்டு அர்த்தத்திலும்). சட்டென்று சக்கரத்தைப் பிடித்திருக்கலாம். நானோ கும்பிட்ட கையை விடவில்லை. மரியாதை முக்கியமல்லவா?

மேசை சாய்ந்தது. பன்னீர்ச் செம்பு ரோட்டை நோக்கி உருண்டது. சந்தனம் முழுவதும் சம்பந்தியின் சட்டையில். மேளம் நின்றுவிட்டது. அக்கா முகத்தில் ரத்தமே இல்லை. “ஆரம்பமே இப்படியா?” என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். இந்தக் கல்யாணம் நம்மால் கெட்டதோ என்று நினைத்தேன்.

சம்பந்தி சட்டையைக் குனிந்து பார்த்தார்.

“ஏனுங்க, எங்கூர்ல சந்தனத்தக் கையிலதானுங்க பூசுவோம்” என்றவர், அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். வேனே சிரித்தது.

செல்வி பட்டுச்சேலையோடு மண்டியிட்டு, என் சட்டைப்பையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கினாள். பிரேக்கை டயரோடு நெருக்கி முடுக்கினாள். பிரேக்கைப் போட்டு, ஒவ்வொரு பக்கமாக நாற்காலியை முழு பலத்தோடு தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

“இப்பக் கும்பிடுங்க” என்றாள்.

கால் கூடி வருடங்களாகிவிட்டன. அந்தக் கல்யாணத் தம்பதியின் மகள் இப்போது பால்வாடிக்குப் போகிறாள். “பெரியவங்களுக்கு வணக்கம் சொல்லு” என்றால், கைகூப்பி, வலது காலை நீட்டி, அப்படியே ஒரு திரும்பு திரும்புகிறாள். வணக்கம் என்றால் அப்படித்தான் என்று வீட்டில் எல்லாரும் சேர்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.