பூசையில் இருந்த சர்வருக்குப் பெயர் வெட்டிய கதை

ஒன்றுமே படிக்காதவரால் ஆபத்தில்லை, பேசாமல் இருந்துவிடுவார். ஐந்து வருடம் படித்தவராலும் ஆபத்தில்லை. தனக்கு என்ன தெரியாது என்பது அவருக்குத் தெரியும். ஐந்து நாள் பயிற்சிக்குப் போய் வந்தவர் இருக்கிறாரே, அவருக்குப் பக்கத்தில் எந்த மெஷினையும் வைக்காதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஐந்து நாள் ஆள் நான்தான்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. பதுளையில் ஒரு தேயிலைக் கம்பனியின் பிராந்திய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் உதவியாளராக இருந்தேன். ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது கொழும்புக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒழுங்காகச் செய்தால் நிரந்தர நியமனக் கடிதம், இல்லாவிட்டால் வீட்டில் அம்மாவின் தையல் மெஷின். எனக்கு ஊசியில் நூல் கோக்கவும் வராது.

பயிற்சியின் கடைசிப் பாடம், செத்துப்போன சர்வரைப் பெயரேட்டிலிருந்து நீக்குவது. எந்தெந்தக் கம்ப்யூட்டர் நம்முடையது, யார் யார் உள்ளே வரலாம் என்று சர்வருக்குள் ஒரு பெயரேடு இருக்கும், தோட்டத்தில் தொழிலாளர் பெயர்களை எழுதிவைக்கும் செக்ரோல் மாதிரி. எங்களிடம் இரண்டு சர்வர்கள். ஒன்று பதுளை அலுவலகத்தில், மற்றது ஸ்பிரிங்வெளிப் பாதையில் இருந்த தோட்டத் தொழிற்சாலையில். இரண்டும் ஒரே ஏட்டை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று நலம் விசாரித்தபடியே இருக்கும். ஒன்று செத்துவிட்டால், அது தெரியாமல் மற்றது கூப்பிட்டுக்கொண்டே இருக்குமாம். அதனால் செத்ததன் பெயரை வெட்டிவிட வேண்டும். வெட்டினால் வெட்டினதுதான், திரும்ப ஒட்ட முடியாது என்று ஆசிரியர் மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் எழுதிக்கொண்டேன். (சிவப்பில் அடிக்கோடு வேறு.)

திரும்பி வந்த மறுநாளே தொழிற்சாலை சர்வர் பதில் சொல்லவில்லை. நியாயமாக எனக்குக் கவலை வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பானாம். எனக்குக் காலை பத்து மணிக்கே குடை கிடைத்துவிட்டது. தொழிற்சாலைக்கு போன் போட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது. மனேஜர் சிவபாதம் சேரிடம் ஓடினேன். யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார்.

"சேர், பேக்டரி சர்வர் செத்துருச்சு."

"போய்ப் பாத்தனீரோ, பிள்ளை?"

"பாக்கத் தேவையில்லங்க சேர். நாலு தடவ கூப்பிட்டேன், பதில் இல்ல. போனும் யாரும் எடுக்கல."

"போன் எடுக்காட்டிச் செத்துப்போச்செண்டோ கொழும்பில படிப்பிச்சவை?"

(பாவம், பழைய காலத்து மனுசர் என்று நினைத்துக்கொண்டேன்.) மேசைக்கு வந்து கறுப்புத் திரையில் கட்டளைகளை அடித்தேன். நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது. என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி என்று கோபம்கூட வந்தது. நீக்கினேன். அதோடு விட்டேனா? சர்வர் இறந்துவிட்டது, முறைப்படி நீக்கப்பட்டது என்று கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சலும் அனுப்பினேன். 'ஆழ்ந்த வருத்தத்துடன்' என்று அது தொடங்கும்.

மறுநாள் காலை தொழிற்சாலைக் கிளாக்கர் கதிர்வேல் எனக்கு போன் போட்டார்.

"மிஸ், நல்ல நேரம் பாத்து ஒம்போது பத்துக்கு சுவிட்சப் போட்டோம். நல்லாத்தான் ஓடுது. ஆனா கொழுந்து நிறுத்த கணக்க பதுளைக்கு அனுப்புனா, எங்களத் தெரியாதுங்குது."

"எந்த சுவிட்ச?"

"சர்வர் சுவிட்சத்தான். நேத்து ஆயுத பூசையில்லீங்களா? ரோலர், டிரையர் எல்லாத்தயும் நிப்பாட்டுனோம். இது மட்டும் ஓடுனா நல்லா இருக்காதேன்னு இதயும் நிப்பாட்டிட்டோம். எல்லாரும் கீழ பூசையில நின்னோம், போன் சத்தமே கேக்கல."

நான் பதுளை டவுனில் வளர்ந்த, சர்ச்சுக்குப் போகும் வேதக்காரக் குடும்பத்துப் பெண். ஆயுத பூசை என்றால் அடுத்த வீட்டிலிருந்து அவலும் கடலையும் வரும் என்பது மட்டும்தான் தெரியும். மெஷினுக்கு லீவு கொடுப்பார்கள் என்பது கொழும்புப் பாடத்திலும் இல்லை.

அடுத்த பஸ்ஸில் ஓடினேன். சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை, முன்னால் இரண்டு எலுமிச்சம்பழம் என்று மாப்பிள்ளைக் கோலத்தில் சர்வர் உட்கார்ந்திருந்தது. பச்சை விளக்கு வேறு கண்ணைச் சிமிட்டியது. இதைத் துடைத்தழித்து முதலிலிருந்து தொடங்கினால்தான் பதுளை ஏற்றுக்கொள்ளும் என்று சொன்னேன். பூசைக்கு முன்னின்ற கங்காணி ஒருவர் பொறுமையாகக் கேட்டார்.

"செத்தவன் பேரக்கூட காரியம் முடிஞ்சுதான் செக்ரோல்ல வெட்டுவாங்க. நீங்க உசுரோட இருக்கவன் பேர, அதுவும் பூசையில இருக்கயில வெட்டிட்டீங்களே தாயி."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

கதிர்வேல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மிஸ், நேத்து விடியக்காலையில இடி இடிச்சுச்சில்ல? சர்வர்ல இடி விழுந்துச்சுன்னு ரிப்போர்ட் எழுதிருங்க. கேட்டா நானும் அப்படியே சொல்றேன்."

நியமனக் கடிதம் கண்ணுக்கு முன்னால் ஆடியது. தாளை எடுத்து முதல் வரியும் எழுதிவிட்டேன். பூசை போட்ட மெஷினில் அன்றைக்கே இடி விழுந்தது என்று! என் வேலையைக் காப்பாற்ற இவர்களுடைய பூசைக்குக் கெட்ட பெயரா? வெட்கமாக இருந்தது. தாளைக் கிழித்துவிட்டு சிவபாதம் சேருக்கு போன் எடுத்தேன்.

"சேர், அது சாகல. நான் போய்ப் பாக்காம பேர வெட்டிட்டேன்."

"இப்ப பாத்திட்டீரோ?"

"பாத்துட்டேன் சேர்."

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு சேர். மாலையெல்லாம் போட்டு."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார் என்று பக்கத்து மேசைக்காரர் பிறகு சொன்னார். சிரித்ததற்காக விட்டுவிடவில்லை, தகுதிகாண் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டினார். சர்வரை முதலிலிருந்து கட்ட எனக்கு மூன்று நாள் பிடித்தது. மூன்று நாளும் கதிர்வேல் பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வருடப் பூசைக்கு ஒரு வாரம் முன்பே அவரிடமிருந்து அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது. 'சர்வர் ஒரு நாள் நிற்கும். உயிரோடுதான் இருக்கும்.'

அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதப்போய்த்தான் வினை. அதற்கடுத்த வருடம் அவரையே கட்டிக்கொண்டேன்.

இன்றைக்கும் அவர் குளிக்கப் போய் நேரமாகி, நான் இரண்டு தரம் கூப்பிட்டும் பதில் வராவிட்டால் பிள்ளைகள் என்னைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். மூன்றாவது தரம் நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும்.

"இருக்கேன், இருக்கேன். பேர வெட்டிறாத."