ஏழுதண்ணி அண்ணன் கழுவிய பாடங்கள்

கழுவாத எதையும் நம்பாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தக்கலையில், எங்கள் அலுவலகத்தில், எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார்.

வாழைப்பழத்தைக் கழுவிவிட்டுத்தான் உரிப்பார். கீபோர்டைக் கழுவி மொட்டை மாடியில் காயப்போட்டார் என்பது வதந்தி அல்ல. பறந்துவிடாமல் கிளிப் மாட்டியவன் நான். "மீனை ஏழு தண்ணியில கழுவாம சட்டியில போடப்பிடாது மக்கா" என்று ஒருநாள் சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து ஏழுதண்ணி அண்ணன். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

வளைகுடா வேலைக்குத் தேர்வு எழுதும் நர்ஸ்களுக்கு இணையத்தில் பாடம் நடத்துவது எங்கள் தொழில். பாடங்களைத் தட்டச்சு செய்வது நான். அவற்றை ஏதோ ஓர் இலவசத் தளத்தில் ஏற்றி, அந்தப் பக்கத்தை எங்கள் பக்கத்துக்குள் ஒரு சட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தோம். ஐஃப்ரேம் என்பார்கள். அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்த டச் போனில் அது பாதிதான் தெரியும். அந்தத் தளத்துக்காரன் விளம்பரம் வேறு போடுவான். புண்ணுக்குக் கட்டுப் போடும் பாடத்தின் நடுவே ஒரு பெண் கூந்தல் தைலத்தோடு வந்து சிரிப்பாள்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "அடுத்தவனுக்க அடுக்களைய நம்ம வீட்டுக்குள்ள வச்சா கரப்பான் வராதா? சட்டத்தப் பிடுங்கி எறிவோம். பாடத்த மட்டும் எடுத்து, நல்லாக் கழுவி, நேரா நம்ம பக்கத்தில வைப்போம்."

கழுவ ஒரு புரோகிராம் எழுதினார். இணையப் பக்கத்தின் கட்டளைகள் எல்லாம் ஒரு கோணக் குறியில் (<) தொடங்கும். நல்ல கட்டளையை விட்டுவிட்டு, சந்தேகமானதை எல்லாம் அது அறுத்து எறியும். கணக்கில் 'விடக் குறைவு' என்பதற்கும் அதே கோணக் குறிதான். அதனால் என்னிடம் முன்பே சொன்னார்: "கொறைவுன்னு எழுத்தில அடி மக்கா. அந்தக் குறியப் போடாத. அழுக்குன்னு நெனச்சு அதையும் கழுவிரும்."

தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு ஈடு கிடையாது.

பாடங்கள் போனில் முழுதாக, பளிச்சென்று தெரிந்தன. தைலப் பெண் ஒழிந்தாள். அண்ணனுக்கு இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. மூன்றாம் நாள் காலை மணவாளக்குறிச்சியிலிருந்து ஸ்டெல்லா என்ற நர்ஸ் போன் செய்தாள். மறுநாள் அவளுக்குத் தேர்வு. ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள். இந்த முறையும் போனால் குவைத் வேலையும் போகும்.

"சாரே, ரத்த அழுத்தம்னு தொடங்குது. பெறவு ஒண்ணுமே இல்ல. கொறஞ்சா என்ன செய்யணும்? ஆளு செத்துப்போச்சா?"

என் மூலப் பிரதியைத் திறந்து பார்த்தேன். 'குறைவு' என்று அடிக்கச் சோம்பல்பட்டு, நாற்பது பாடங்களில் கோணக் குறியைப் போட்டு வைத்திருந்தேன். குறியிலிருந்து பத்தி முடியும்வரை எல்லாம் போயிருந்தது.

"யாருக்க வேல இது?" என்று முதலாளி கத்தினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார்: "எனக்க புரோகிராமுக்க கொழப்பம் சாரே."

திருத்தி ஏற்ற இரண்டு நாளாகும். அண்ணன் என் மூலப் பிரதியை அச்செடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். ஸ்டெல்லாவைப் போனில் பிடித்து, விட்டுப்போன வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். மருந்துப் பெயர்களை அவர் உச்சரித்த அழகில் நோயாளி எழுந்து ஓடியிருப்பான். "சாரே, அது அப்படி இல்ல" என்று அவள் திருத்தத் திருத்த, இவர் அடுத்த வரிக்குப் போனார். மத்தியானம் கழிந்ததும் இவர் பாதி வாசிக்க, மீதியை அவளே சொல்லத் தொடங்கினாள்.

"பாத்தியா, ஒனக்கு எல்லாம் தெரியும். பேடிக்காண்டாம், பயப்படாத மக்கா" என்று போனை வைத்தபோது அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

ஸ்டெல்லா தேறிவிட்டாள். சேதி வந்த அன்று, "அண்ணே, மொதலாளிகிட்ட உள்ளதச் சொல்லிரட்டா?" என்று கேட்டேன்.

"அவ ஜெயிச்சாச்சு. பெறவு என்னத்துக்கு? போய் மிச்சக் குறியத் திருத்து."

சொல்லாமலே இருந்துவிட்டேன். இத்தனை வருடம் கழித்து இங்கேதான் சொல்கிறேன். அண்ணே, இதை வாசித்தால் ஒரு போன் போட்டுத் திட்டுங்கள். உங்கள் குரலைக் கேட்டு நாளாயிற்று.