ஒற்றைக் கண் ஜெபம்

கடவுளை நான் முழுசாக நம்புகிறேன். அவருடைய சந்நிதியில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்களைத்தான் நம்ப முடிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனால் செருப்பை ஜோடியாகக் கழற்றி வைக்க மாட்டேன். ஒன்று முன்வாசலில், மற்றொன்று பக்கவாட்டு வாசலில். அவசரத்தில் இருக்கிற திருடன் இன்னொன்றைத் தேடி அலைய மாட்டான் என்பது என் கணிப்பு. (இதுவரை திருடு போனதில்லை. மழை நாட்களில் ஒற்றைச் செருப்போடு ஆலயத்தைச் சுற்றி நொண்டியடித்தது மட்டும் உண்டு.)

பிறவிக் குணமே இப்படி. போதாக்குறைக்கு வேலையும் இன்சூரன்ஸ் கம்பெனியில், விபத்து க்ளெய்ம்களைச் சரிபார்க்கும் வேலை. "நிறுத்தி வச்ச கார் மேல மாடு வந்து மோதிடுச்சு சார்" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்கிறவர்களோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால், சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மா காபி தரும்போதுகூட, "எதுக்கு இன்னைக்கு டிகாஷன் திக்கா இருக்கு?" என்று கேட்கத் தோன்றும்.

இந்த லட்சணத்தில்தான் எனக்குக் கல்யாணம் பேசினார்கள்.

எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில். பெண் வீடு சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில். பெண் பெயர் ஷீபா. ஏற்கெனவே ஒரு முறை பார்த்துப் பேசியிருந்தோம். எனக்கு அவளை ரொம்பவே பிடித்துப்போயிருந்தது. (அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. இவ்வளவு நல்ல பெண்ணை ஏன் எனக்குப் பார்க்கிறார்கள்?) பாக்கி இருந்தது ஒன்றுதான். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் இரண்டு வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து ஜெபிப்பார்கள். ஜெபம் முடிந்த பிறகுதான் பெண் வீட்டார் 'சரி' என்று வாய் திறப்பார்கள். அதுவரை மிக்சர் மட்டும்தான் உறுதி.

அன்று நான், அப்பா, அம்மா மூவரும் போயிருந்தோம். அவர்கள் பக்கம் ஷீபா, அவளுடைய அப்பா ஞானமுத்து, அவளுடைய அம்மா, அப்புறம் ரூபன் சித்தப்பா. ஞானமுத்து அங்கிள் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேச மாட்டார். அவர் பேசாமல் விட்டதையெல்லாம் தம்பி ரூபன் சேர்த்துப் பேசிவிடுவார். அவர் ஜெபிக்க ஆரம்பித்தால் தெருமுனை வரைக்கும் ஆசீர்வாதம் கிடைக்கும். அந்த வீட்டில் அவர் சம்மதமில்லாமல் எதுவும் நடக்காது என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார்.

"ஜெபத்துக்கு முன்னாடி தம்பி ஒரு சின்ன தியானம் சொல்லட்டுமே" என்றார் சித்தப்பா. "ஆண்டவருக்கு நம்மை ஒப்புக்கொடுக்கறதைப் பத்தி. ரெண்டு நிமிஷம் போதும்."

இது தியானமில்லை, இன்டர்வியூ என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"தாம்பரத்துல ட்ரெயின் ஏறறோம். ஓட்டறது யாருன்னு நமக்குத் தெரியுமா? அவர்கிட்ட போய் லைசென்ஸ் கேட்டோமா? இல்லையே. ஏறி உக்காந்ததும் கண்ணை மூடிக்கறோம், பீச் ஸ்டேஷன்ல போய் முழிச்சுக்கறோம். ஆண்டவர் கையில நம்ம வாழ்க்கையை ஒப்படைக்கறதும் அப்படித்தான். கண்ணை மூடணும், அவ்வளவுதான்."

ஷீபாவின் அம்மா "ஆமென்" என்றார். என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷீபா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். (ரயிலில் நான் தூங்கியதே கிடையாது. பையின் வாரைக் காலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருப்பவர் கையையே பார்த்துக்கொண்டு போகிற ஆள் நான். அந்த விவரத்தைத் தியானத்தில் சேர்க்கவில்லை.)

"ஜெபிப்போம்" என்றார் சித்தப்பா. எல்லோரும் தலை குனிந்தார்கள். நானும் குனிந்தேன், என் வழக்கப்படி. அதாவது இடது கண் முழுசாக மூடியிருக்கும். வலது கண் மட்டும் கடை பூட்டுகிற நேரத்து ஷட்டர் மாதிரி கொஞ்சம் தூக்கியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பக்தியில் உருகுகிற மாதிரியே இருக்கும்.

சித்தப்பா முதலில் எங்கள் இரண்டு குடும்பங்களுக்காக ஜெபித்தார். பிறகு சபைக்காக, நாட்டுக்காக, மழைக்காக. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களை ஊர் வாரியாக எடுத்துக்கொண்டார். அவர் கனடாவுக்குப் போயிருந்த சமயத்தில்தான் அது நடந்தது.

நடுவிலிருந்த டீப்பாயில் என் ஃபோன் இருந்தது. 'பெரியவங்க முன்னாடி கையில வச்சிருக்காதே' என்று அம்மா அங்கே வைக்கச் சொல்லியிருந்தார். என் வலது கண் அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அங்கே வந்தபோது ஞானமுத்து அங்கிளின் கை மெல்ல நீண்டது. ஃபோனை எடுத்தது. அவர் அதை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி தலை குனிந்தார்.

என் இடது கண்ணும் தானாகத் திறந்துகொண்டது.

மாப்பிள்ளையின் ஃபோனைச் சோதிக்கிறார்கள்! இப்போது எல்லாமே விளங்கியது. சித்தப்பா ஏன் இவ்வளவு சத்தமாக ஜெபிக்கிறார்? சத்தம் கேட்காமல் எடுப்பதற்கு. ஏன் இவ்வளவு நீளமாக ஜெபிக்கிறார்? நிதானமாகப் படிப்பதற்கு. ஷீபாவின் அம்மா நடுநடுவே 'ஆமென்' சொன்னாரே, அது ஜெபத்துக்குச் சொன்னதா, புருஷனுக்குக் கொடுத்த சிக்னலா? தியானம் சொல்லச் சொன்னதே என் கவனத்தைத் திருப்பத்தான். இத்தனை வருஷ க்ளெய்ம் அனுபவத்தில் இவ்வளவு கச்சிதமான கூட்டுச் சதியை நான் பார்த்ததில்லை.

அந்த ஃபோனில் அப்படி என்ன இருந்தது என்றால், ஸ்டீபன் இருந்தான். என் கல்லூரி நண்பன். பெண் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு நான் அனுப்பிய வர்ணனைகள் எல்லாம் அதில் இருந்தன. ரூபன் சித்தப்பாவுக்கு 'ஆம்ப்ளிஃபையர்' என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். அதை அவர்கள் படித்தால் கல்யாணம் அங்கேயே முடிந்தது. ஷீபா கிடைக்க மாட்டாள்.

சித்தப்பா கனடாவிலிருந்து திரும்பி முக்கியக் கட்டத்துக்கு வந்தார். குரல் உச்சத்துக்கு ஏறியது. "ஆண்டவரே, இந்தப் பிள்ளைகளையும், இவங்களுக்கு உண்டான எல்லாத்தையும் உம்முடைய கையில ஒப்புக்கொடுக்கிறோம்!"

"என் ஃபோனை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க!" என்றேன் நான்.

மனசுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். வாய்விட்டே சொல்லியிருக்கிறேன், அதுவும் சித்தப்பாவுக்குச் சமமான குரலில். ஜெபம் நின்றுவிட்டது. அம்மா என் தொடையில் கிள்ளியது இன்னும் வலிக்கிறது.

சித்தப்பா மெதுவாகக் கண்ணைத் திறந்தார். "என்ன தம்பி?"

"அங்கிள்... என் ஃபோனை எடுத்தார். நான் பார்த்தேன்."

"பார்த்தீங்களா? ஜெபத்துலயா? கண்ணை மூடணும், அவ்வளவுதான்னு இப்பதானே சொன்னீங்க?"

ஷீபாவின் அம்மா புருஷனுக்காகப் பொங்கிவிட்டார். "அவர் ஒண்ணும் திருடலை! ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு வந்துடுச்சு. அதைத்தான் எடுத்து வச்சார். என் கண்ணால பார்த்தேனே!"

சித்தப்பா அவர் பக்கம் திரும்பினார். "அண்ணி, நீங்களுமா?"

"அவங்க சொல்றது நிஜந்தாங்க" என்று என் அம்மா சமாதானம் பண்ண நுழைந்தார். "மெதுவாத்தான் எடுத்தார்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

"நான் கண்ணைத் திறக்கவே இல்லை" என்றார் என் அப்பா. "லேசா அசந்துட்டேன்."

ஷீபா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவளும் பார்த்திருக்கிறாள்.

"அப்போ இவ்வளவு நேரம் ஜெபத்துல இருந்தது நான் ஒருத்தன்தானா?" என்ற சித்தப்பாவின் குரல், அவரைச் சந்தித்த நாளிலிருந்து முதல் முறையாகத் தாழ்ந்திருந்தது. பொத்தென்று சோபாவில் சாய்ந்தார். "ஜெபம் பாதியில நின்னுடுச்சு. இதுவே ஒரு அடையாளமா இருக்கலாம். இந்தச் சம்பந்தத்தை யோசிக்கணும்ணா."

போயிற்று. என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன்.

ஞானமுத்து அங்கிள் எழுந்தார். "தம்பி, கொஞ்சம் வெளிய வாங்க" என்று என்னை வாசல் கேட் வரைக்கும் கூட்டிப்போனார். பையிலிருந்து ஃபோனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். பூட்டிய திரையில் ஸ்டீபனின் செய்தி பளிச்சென்று நின்றது.

'மச்சான், ஆம்ப்ளிஃபையர் சித்தப்பா ஜெபத்தை ஆரம்பிச்சுட்டாரா? அவர் ஆமென் சொல்றதுக்குள்ள உனக்கு அறுபதாம் கல்யாணமே வந்துடும்டா.'

"அதிர்ந்தது நிஜம்தான்" என்றார் அவர். "ஆனா விழப் போகலை. இது வந்து வெளிச்சம் அடிச்சது. ரூபன் அதுக்கு நேர் எதிர்ல உக்காந்திருக்கான். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தா முதல்ல இதுதான் கண்ணுல படும். அதான் எடுத்து வச்சேன். ஜெபம் முடிஞ்சதும் தனியா குடுக்கலாம்னு நினைச்சேன்."

எனக்கு நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது. உள்ளே அத்தனை பேர் முன்னால் அவரைத் திருடன் மாதிரி ஆக்கியிருக்கிறேன். இந்தச் செய்தியை ரூபன் சித்தப்பாவிடம் காட்டியிருந்தால் அங்கிளின் பெயர் அந்த நிமிஷமே சுத்தமாகியிருக்கும். என் கதையும் முடிந்திருக்கும். அவர் காட்டவில்லை.

"சாரி அங்கிள்" என்றேன்.

"உங்க ஃப்ரெண்ட் சொல்றதுலயும் தப்பில்லை" என்றார். "எங்க கல்யாணத்துல அவன் பண்ணின ஜெபத்துல சாப்பாடு ஆறிப்போச்சு." பிறகு ஃபோனை நீட்டினார். "இந்தாங்க, பத்திரமா வச்சுக்கோங்க."

நான் வாங்கவில்லை. அவர் கையில் இருக்கும்போதே திரைப் பூட்டைத் திறந்து அவரிடமே விட்டேன். "ஜெபம் முடியற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும் அங்கிள்." என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே ஒப்புக்கொடுத்தல் அதுதான். (கொடுத்த மறு விநாடியே, ஏன் திறந்து கொடுத்தோம் என்று அடித்துக்கொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

உள்ளே போனதும் அவர் ரூபன் சித்தப்பாவிடம், "ஃபோன் விழப் பார்த்துச்சு, எடுத்தேன். தம்பிக்கு எதையும் உத்துப் பார்க்கற வேலை, பழக்கதோஷம். நீ விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பி" என்றார்.

"விட்ட இடத்துலேர்ந்தெல்லாம் வராதுண்ணா" என்று சொல்லிவிட்டு, சித்தப்பா முதலிலிருந்து ஆரம்பித்தார். சபை, நாடு, மழை, கனடா. நான் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனிதனுக்கு அதைவிடக் கஷ்டமான காரியம் வேறெதுவும் இல்லை.

ஆமென் சொன்ன பிறகு ஷீபாவிடம் கேட்டார்கள். "கல்யாணத்துக்கப்புறம் வீட்டுக்குத் தனியா காவலாள் வேண்டாம், ஜெபத்துலகூட ஒரு கண்ணு திறந்தே இருக்கும். எனக்குச் சரி" என்றாள்.

பல வருஷங்கள் ஓடிவிட்டன. அங்கிள் மாமாவாகிவிட்டார். ஸ்டீபனின் செய்தியைப் பற்றி அவர் இன்றுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை. (சொல்லியிருப்பாரோ என்று அவ்வப்போது ஷீபாவின் முகத்தை ஆராய்வதுண்டு. பிடிபடவில்லை.) ஆனால் கிறிஸ்துமஸ், பிறந்தநாள், புது வீடு, எதற்குக் குடும்பம் கூடினாலும், ஜெபத்துக்கு எழுந்து நிற்கும் ரூபன் சித்தப்பா முதலில் கேட்பது ஒன்றுதான். "மாப்பிள்ளை கண்ணை மூடிட்டாரா?"

வீடே சிரிக்கும். நான் அவசரமாகக் கண்ணை மூடிக்கொள்வேன், என் வழக்கப்படி. எதிரே உட்கார்ந்திருக்கும் மாமா என் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்ப்பார். அந்த வலது கண்ணின் இடுக்கு வழியாக நானும் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"மூடிட்டார், மூடிட்டார்" என்பார் மாமா. "நீ ஆரம்பி."