வாரா வாரம் கழுவறோம், டாக்டர்!

"வீட்டுல ஏ.சி. ஃபில்டரைக் கழுவுறதுண்டா?"

டாக்டர் கேட்டு முடிக்கும் முன்பே, ரகுநாதனும் ஷியாமளாவும் ஒரே குரலில் சொன்னார்கள்: "வாரா வாரம் கழுவறோம், டாக்டர்!"

அப்பட்டமான பொய். பர் துபாய் ஃபிளாட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து ரகுநாதன் அந்த ஜன்னல் ஏ.சி.யின் மூடியைத் திறந்ததே இல்லை. பல்பு, ஸ்க்ரூ, ஏ.சி. எல்லாம் அவன் இலாகா; கழுவுவது, துடைப்பது ஷியாமளாவின் இலாகா. புருஷன் ஒழுங்காகக் கழுவுகிறான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாளே, பாவம் ஷியாமளா!

டாக்டர், விடாமல் இருமிக்கொண்டிருந்த அவர்களுடைய ஐந்து வயது மகள் தன்யாவின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"பூஞ்சை பிடிச்ச காத்தா இருக்கும்னு தோணுது. அடுத்த வாரமும் இருமல் குறையலேன்னா, கொஞ்ச மாசம் ஊர்ல வச்சுப் பாருங்க."

ரகுநாதன் கணக்குப் போட்டுப் பார்த்தான். மகள் போனால் மனைவியும் போவாள். மறுபடி பேச்சலர் ரூம், குப்பூஸ் ரொட்டி, தயிர், வாரம் ஒரு போன். ஐயோ, அந்தப் பிழைப்பு இனி ஜென்மத்துக்கும் வேண்டாம்!

மறுநாள் காலை ஷியாமளா குளிக்கப் போனதும், கண்மூடிப் படுத்திருந்த குழந்தையை எழுப்பாமல் ஃபில்டரை உருவினான். கம்பளி மாதிரி அழுக்கு! சமையலறைக் குழாயில் அவசரமாகக் கழுவி, அவள் வருவதற்குள் சொட்டச் சொட்ட மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல் பேப்பர் படித்தான்.

அடுத்த நாள் காலை வாக்கிங் முடிந்து வந்து எடுத்துப் பார்த்தால் அப்போதும் சொட்டியது.

"அட, ஒரு நாள் முழுக்க ஓடியும் காயலியே!"

ஈர நாற்றம் வேறு. டெட்டால் விட்டுக் கழுவி மாட்டினான். அதற்கடுத்த நாளும் அதே கதை. மூலையில் புதிதாகக் கறுப்புப் புள்ளிகள். தன்யாவின் இருமலோ இரட்டிப்பானது.

தண்ணீர் போகும் குழாயில் அடைப்பு என்று முடிவுகட்டி வாட்ச்மேனைப் பிடித்தான். அவர் கம்பியால் ஒரு குத்து குத்தினார். கீழே டெய்லர் கடையில் தைத்துத் தொங்கிய சஃபாரி சூட்டெல்லாம் நனைந்தது. டெய்லர் மேலே வந்து இந்தியில் திட்டியதை நல்லவேளை தன்யா புரிந்துகொள்ளவில்லை.

சரி, குளிரைக் கூட்டினால் காயும் என்று குமிழைக் கடைசிவரை திருகினான். ஆகஸ்ட் மாதத்தில் மூன்று பேரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாம்பார் சாதத்துக்கு உட்கார்ந்தார்கள். ஷியாமளா சாப்பிடாமல் அந்த ஏ.சி.யையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகப்படுகிறாளோ என்று ரகுநாதன் தலை நிமிராமல் சாதத்தைப் பிசைந்தான்.

வியாழன் மாலை வீட்டுக்கு வந்தால் பரண் மேலிருந்த பெட்டி கீழே இருந்தது.

"டிக்கெட் பாத்துடுங்க" என்றாள் ஷியாமளா. "குழந்தை மூச்சு வாங்குறதை என்னால பாத்துட்டு இருக்க முடியலங்க."

"நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"எனக்கு மட்டும் போகணும்னு ஆசையா?" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வாக்கிங் முடிந்த கையோடு ஏ.சி. மெக்கானிக் கௌஸ் முகம்மதுவை வரவழைத்தான். அன்று ரகுநாதன் ஃபில்டரைத் தொடக்கூட இல்லை. அப்படியும் அவர் உருவியதும் அது சொட்டியது.

"என்ன ஸார் இது, இப்பத்தான் குளத்துல முக்கி எடுத்த மாதிரி இருக்கு?"

"அதான் பாய், எனக்கும் புரியல."

"எனக்கும்தான்" என்றாள் ஷியாமளா, கதவோரத்திலிருந்து அவசரமாக.

கௌஸ் முகம்மது ஏ.சி.யை அக்கக்காகக் கழற்றினார். ஒழுகல் இல்லை, அடைப்பு இல்லை. முப்பது வருஷமாக ஏ.சி. பார்க்கும் மனுஷன், தரையில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார்.

"மிஷின்ல ஒரு குறையும் இல்ல. அப்புறம் இந்தத் தண்ணி எங்கேருந்துதான் வருது?"

கட்டிலில் இருமிக்கொண்டிருந்த தன்யா எழுந்து உட்கார்ந்தாள்.

"கிச்சன் டேப்லேருந்து, அங்கிள். மார்னிங் அம்மா குளிக்கப் போனதும் அப்பா கழுவி மாட்டுவாங்க; அதுக்கு முன்னாடி, அப்பா வாக்கிங் போனதும் அம்மா கழுவி மாட்டுவாங்க!"