நாற்பத்தொன்றாம் கேள்வி

வெறுங்கை முழம் போடாது என்று சொல்லிவைத்தவர்கள் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து வழக்கறிஞர் ராய்ஸ் ட்ரெட்வெல்லைப் பார்த்திருக்க மாட்டார்கள். வெறுங்கையோடு வந்த பல்லாயிரம் பேரை முழம் போட வைத்த மகான் அவர். தீயும் சக்கரமும் கிடைத்த பிறகு மனித குலத்துக்குக் கிடைத்த அடுத்த பெரிய கொடை, 'சல்லிக்காசு முன்பணம் இல்லாமல் திவால் ஆகலாம்!' என்ற அவருடைய திட்டம்தான். இதை வேறு யாரும் சொல்லவில்லை. நெடுஞ்சாலைப் பாலத்துக்குப் பக்கத்தில் நாற்பது அடி உயரப் பலகையில் அவரே எழுதி வைத்திருக்கிறார், தம்முடைய சிரித்த முகத்தோடு.

அந்தச் சிரித்த முகத்தை ஒரு ஜனவரி மாதத்தில் அண்ணாந்து பார்த்தவள் வெர்லீன் ஸ்டோக்ஸ். வயது ஐம்பத்து நான்கு. ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் அறுநூறு பிள்ளைகளுக்குச் சோளரொட்டி சுடுகிறவள். பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். கல்லை எடுத்துவிட்டு அதைவிடக் கனமான ஒரு பில்லைக் கொடுத்து அனுப்பினார்கள். கட்ட முடியவில்லை. ஆஸ்பத்திரி வழக்குப் போட்டு ஜெயித்தது. இனிச் சம்பளத்தில் கால்வாசி நேரே அங்கே போய்விடும் என்று கடிதமும் வந்துவிட்டது.

அவளிடம் இருந்த ஒரே சொத்து வெளிறிய நீல நிறத்தில் ஒரு பழைய ப்யூக் கார். அதற்கும் இன்னும் இரண்டு வருடத் தவணை பாக்கி. விடிகாலை ஐந்து மணிக்கு அவள் தெருப்பக்கம் எந்தப் பேருந்தும் வருவதில்லை. கார் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் சோறு. ஆகவே அவள் ட்ரெட்வெல்லின் அலுவலகத்துக்கு வந்தது காரைக் காப்பாற்றிக்கொள்ள. மற்றதெல்லாம் போனால் போகட்டும் என்றுதான் இருந்தாள்.

ட்ரெட்வெல் யாரையும் எடுத்த எடுப்பில் பார்த்துவிடுவதில்லை. முதலில் 'அத்தியாயத் தேர்வு'. திவால் சட்டத்தில் ஏழை எளியவர்களுக்கு இரண்டு அத்தியாயங்கள் உண்டு. ஏழாம் அத்தியாயம் கடனைத் துடைத்துப் போட்டுவிடும், நாலு மாதத்தில் காரியம் முடியும். பதின்மூன்றாம் அத்தியாயம் சம்பளத்தில் பிடித்துப் பிடித்து ஐந்து வருடம் கட்ட வைக்கும். யாருக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிக்க, அவர் பல வருட ஆராய்ச்சியில் நாற்பத்தொரு கேள்விகள் தயாரித்திருந்தார். கேட்பவள் அவருடைய உதவியாளர் மாவிஸ்.

"சின்ன வயசுல உண்டியல் வெச்சிருந்தீங்களா?" என்று பென்சிலை எடுத்தாள் மாவிஸ்.

"வெச்சிருந்தேன். எங்க அண்ணன் உடைச்சிட்டான்."

"செருப்புப் போடும்போது முதல்ல எந்தக் கால்?"

"எந்தக் கால்ல வலி கம்மியோ அது. ஏம்மா, இதுக்கும் கடனுக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்க கடன் குணத்தைக் கணிக்கிறாங்க, கண்ணு. விஞ்ஞான முறை."

வெர்லீன் எட்டிப் பார்த்தாள். படிவத்தின் அடியில் 'முடிவு: பதின்மூன்றாம் அத்தியாயம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"முடிவை முன்னாடியே அச்சடிச்சு வெச்சிருக்கே?"

"ஐயாவுக்கு அவ்வளவு அனுபவம்" என்றாள் மாவிஸ், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "கடைசிக் கேள்வி. நாற்பத்தொண்ணு. இன்னிக்கு உங்க கைப்பையில எவ்வளவு இருக்கு?"

"பதினாலு டாலரு. அப்புறம் சர்ச்சுல வெள்ளிக்கிழமை பொரிச்ச மீன் சாப்பாட்டுக்கு ஒரு சீட்டு."

மாவிஸ் பென்சிலைக் கீழே வைத்தாள். பேனாவை எடுத்து '14' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். நாற்பது பதில்கள் பென்சிலில் இருந்தன. இந்த ஒன்றுதான் பேனாவில்.

அதன் பிறகு மகான் தரிசனம் தந்தார். படிவத்தைப் பின்னாலிருந்து படித்தார். நாற்பத்தொன்றைப் படித்ததும் மேற்கொண்டு படிக்க அவருக்கு அவசியம் ஏற்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"மிஸ் வெர்லீன், நீங்க பதிமூணு. சந்தேகமே இல்ல."

"ஏழு ஆகாதுங்களா? எங்கூட வேலை செய்றவ ஏழுல போட்டா. நாலே மாசத்துல நிம்மதியா தூங்குறா."

"ஏழு ஓடிப் போறவங்களுக்கு. பதிமூணு மானஸ்தங்களுக்கு. உங்க முகத்துல மானம் தெரியுதே! அதோட, ஏழு சின்ன எண்ணு, பதிமூணு பெரிய எண்ணு. எது ஒசத்தி?"

"ஏழுல போட எவ்வளவு ஆகும்?"

"ஆயிரத்து இருநூறு. முதல்லயே. ரொக்கமா."

"திவாலாகப் போறவகிட்ட ரொக்கமா கேக்குறீங்களே?"

ட்ரெட்வெல் பெருமூச்சு விட்டார். "சட்டம் அப்படி. மனு போடுற அன்னிக்கு யார் யாருக்குப் பாக்கியோ அத்தனையையும் ஏழாம் அத்தியாயம் அழிச்சிரும். என் கூலி பாக்கி இருந்தா அதையும் சேர்த்து அழிச்சிரும். சட்டத்துக்கு நன்றி கிடையாது, மிஸ் வெர்லீன்."

"பதிமூணுல?"

"ஒரு பைசா வேண்டாம்! கோர்ட்டே உங்க சம்பளத்துல பிடிச்சு எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுத்துரும். என் கூலி நாலாயிரமும் அதுலயே வந்துரும்."

"யாருக்கு முதல்ல?"

அவர் இருமினார். "வரிசைன்னு ஒண்ணு இருந்தா யாராவது ஒருத்தர் முன்னால நின்னுதானே ஆகணும்?"

பந்திக்கு முந்துவதை இத்தனை பணிவாகச் சொல்ல ட்ரெட்வெல்லால்தான் முடியும். வெர்லீனுக்குப் பதில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் கையில் பதினாலு டாலர்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டாள். அலுவலகத்தின் பெயர் அச்சிட்ட ஒரு பேனாவை அன்பளிப்பாகக் கொடுத்து அனுப்பினார்கள்.

நாற்பத்தொரு கேள்விகளில் செருப்பைக் கேட்டார்கள், உண்டியலைக் கேட்டார்கள். வருடத்தில் எத்தனை மாதம் சம்பளம் வரும் என்று கேட்கவில்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் மூடினால் சமையலறையும் மூடும், ஆகஸ்டு வரை சம்பளம் கிடையாது. இது மெம்பிஸில் மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அத்தனை அனுபவசாலிக்கு மட்டும் தோன்றவில்லை. பிப்ரவரியிலிருந்து மே வரை பணம் ஒழுங்காகப் போயிற்று. ஜூனில் பிடிக்கச் சம்பளமே இல்லை, ஜூலையிலும் இல்லை. வெர்லீன் போன் செய்தாள்.

"ஐயா மாநாட்டுல இருக்காரு, கண்ணு" என்றாள் மாவிஸ்.

"என்ன மாநாடு?"

"ஏழைகளுக்கு எப்படி ஆலோசனை சொல்றதுன்னு. ஃபுளோரிடாவுல, கடற்கரையில."

பணம் நின்றுபோனதால் ஆகஸ்டில் வழக்கு தள்ளுபடி ஆயிற்று. கட்டிய நாலு மாதப் பணத்தில் ட்ரெட்வெல் தம்முடைய ஆயிரத்தை எடுத்துக்கொண்டிருந்தார். கார் கம்பெனிக்குக் கொஞ்சம் சிந்தியது, ஆஸ்பத்திரிக்கு ஒன்றுமில்லை. மீதி மூவாயிரத்தை உடனே கட்டும்படி அவரிடமிருந்து ஒரு கடிதமும் வந்தது, வாழ்த்துகளுடன்.

வழக்கு தந்த பாதுகாப்புப் போனதும் கார் கம்பெனி ஆள் இழுவை வண்டியோடு தெருவில் சுற்ற ஆரம்பித்தான். வெர்லீன் ப்யூக்கைச் சர்ச்சுக்குப் பின்னால் நிறுத்தி, மீன் பொரிக்கிற கூடாரத்துத் தார்ப்பாயைப் போட்டு மூடினாள். தினமும் நாலரை மணிக்கு ஐந்து தெரு நடந்துபோய்த் தார்ப்பாயை விலக்கிவிட்டு வேலைக்குப் போனாள். காருக்குள் எப்போதும் மீன் வாடை. திருடாமலே திருடி மாதிரி ஒளிந்து வாழ்வது அவளுக்கு அவமானமாக இருந்தது. குளித்துவிட்டுப் போனாலும் அந்த வாடை தன்மேல் வீசுவதாகவே பட்டது.

பிப்ரவரி வந்தது. கட்டிய வருமான வரியில் ஒரு பங்கு திரும்பி வருகிற மாதம். ஊரில் பாதிப் பேர் டயர் மாற்றுவார்கள், மீதிப் பேர் பல் கட்டுவார்கள். வெர்லீன் வந்த காசோலையை மாற்றி ஒரு கவரில் போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் தவறிய கார் தவணைகளைக் கட்டிவிட்டால் இழுவை வண்டி வராது என்று கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை அங்கே போகிற வழியில், பழைய வழக்குக் காகிதங்களை வாங்கிக்கொள்ளலாம் என்று ட்ரெட்வெல் அலுவலகத்தில் நுழைந்தாள்.

"குடும்பத்துக்கு மறுபடியும் வருக!" என்று இரண்டு கையையும் விரித்தார் மகான். "தள்ளுபடியாயிருச்சா? கவலையே படாதீங்க. முதல் பதிமூணுல விழுந்தவங்களுக்கு ரெண்டாவது பதிமூணுதான் மருந்து. சிலர் ஏழாவது தடவை கூட வந்திருக்காங்க. அவ்வளவு நம்பிக்கை என்மேல!"

மாவிஸ் படிவத்தோடும் பென்சிலோடும் வந்து நின்றாள். பழைய காகிதத்தில் ஒரு தேதியைப் பார்ப்பதற்காக வெர்லீன் கைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் துழாவினாள். கவர் பாதி வெளியே வந்தது. தடிமனான கவர்.

மகானின் பார்வை அதன்மேல் விழுந்தது. நாற்பது கேள்விகளையும் தாண்டி ஞானம் ஒரே தாவலில் நாற்பத்தொன்றுக்கு வந்து நின்றது.

"மிஸ் வெர்லீன்," என்றார், குரல் கனிந்து, "உங்க விவகாரம் ஏழாம் அத்தியாயம்."

"என்னது?"

"அப்பட்டமான ஏழு. மாவிஸ், ஏழாம் நம்பர் படிவம் எங்க?"

மாவிஸ் அடி இழுப்பறையைத் திறந்தாள். கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்துக்கு அடியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துத் தூசி ஊதினாள்.

வெர்லீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை நன்றாகப் பார்த்தாள். "போன வருஷமும் இதே ஆஸ்பத்திரி பில்லுதான். இதே சம்பளந்தான். அப்ப நான் எத்தனாம் நம்பரு?"

ட்ரெட்வெல் பொய் சொல்லாத மனிதர். அதிலும் தம் திறமையைப் பற்றிப் பேச்சு வந்தால் உண்மை தானாக வந்துவிடும். "அப்பவும் ஏழுதான். நீங்க வாசல்ல நுழையும்போதே கண்டுபிடிச்சிட்டேன்!"

ஒளித்து வைத்த காரும் நாலரை மணி நடையும் மீன் வாடையும் வெர்லீனுக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. கத்தலாம் என்று வாயெடுத்தாள். அதற்கு நேரமில்லை, மணி நாலு ஆகிவிட்டது. கவரை உள்ளே தள்ளிப் பையை மூடினாள்.

"இது என் காருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

வாசல் வரை மாவிஸ் வந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டுக் காதோரம் சொன்னாள்: "செவ்வாய்க்கிழமை நூலகத்துக்குப் போ, கண்ணு. சட்டக் கல்லூரிப் பிள்ளைங்க ஏழு போட்டுத் தராங்க. இலவசம். கோர்ட்டுக் கட்டணத்தையும் தள்ளச் சொல்லி எழுதிக் கொடுப்பாங்க."

"இவ்வளவு தெரிஞ்ச நீ இங்க ஏம்மா குப்பை கொட்டுற?"

"நானும் பதிமூணுலதான் இருக்கேன். இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி. ஐயாதான் மனு போட்டாரு."

வெர்லீன் ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் கார் பாக்கியைக் கட்டினாள். ரசீதை வாங்கிக்கொண்டு நேரே சர்ச்சுக்குப் போய்த் தார்ப்பாயை எடுத்து மடித்து வைத்தாள். அன்று கார் அவள் வீட்டு வாசலில் நின்றது.

செவ்வாய்க்கிழமை நூலகத்தில் கன்னத்தில் பருவோடு ஒரு மாணவி அவளிடம் ஒரே கேள்வி கேட்டாள். "யார் யாருக்குப் பாக்கி?" வெர்லீன் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆஸ்பத்திரி. மயக்க மருந்து கொடுத்த டாக்டர். ஒரு நாற்காலிக் கடை. கார் கம்பெனி, அந்த மீதித் தவணைகளை மட்டும் தானே கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். "அப்புறம் வக்கீல் ட்ரெட்வெல், மூவாயிரம்." மாணவி எழுதுவதை நிறுத்திச் சிரித்தாள், பிறகு அதையும் எழுதினாள்.

இப்படியாக, இத்தனை காலம் அடி இழுப்பறையில் அமுக்கி வைத்திருந்த ஏழாம் அத்தியாயம் ட்ரெட்வெல்லுக்குத் தபாலில் வந்து சேர்ந்தது. அதில் அவர் பாக்கி வரவேண்டிய 'கடன்காரர்', நாற்காலிக் கடைக்கு அடுத்தபடியாக. அவர் மனம் புண்பட்டது. கடன்காரர்கள் வந்து கேள்வி கேட்கலாம் என்று நீதிமன்றக் கட்டடத்தில் ஒரு கூட்டம் நடக்கும். அதற்கு எந்தக் கடன்காரரும் வந்ததாகச் சரித்திரம் இல்லை. ட்ரெட்வெல் வந்தார், பட்டுக் கழுத்துப்பட்டியோடு. பின் பெஞ்சுகளில் முறைக்காகக் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் கையில் அவர் அலுவலகப் பேனா இருந்தது. அவருக்குப் பெருமையாக இருந்தது.

விசாரணை அதிகாரி வெர்லீனிடம் சத்தியம் வாங்கினார். முகவரி கேட்டார், சம்பளம் கேட்டார். பிறகு நிமிர்ந்து, "கடன்காரர் யாராவது கேள்வி கேட்கணுமா?" என்றார், பதிலை எதிர்பார்க்காமல்.

"நான் கேட்கணும்" என்று எழுந்தார் ட்ரெட்வெல். நன்றியின் மேன்மையைச் சபைக்கு உணர்த்த வேண்டிய கடமை அவருக்கு இருந்தது. "மிஸ் வெர்லீன், போன வருஷம் கையில ஒண்ணுமில்லாம வந்தீங்க. ஒரு பைசா வாங்காம உங்களைப் பதிமூணுல சேர்த்தேன். ஏன் சேர்த்தேன்? சத்தியம் பண்ணியிருக்கீங்க, உள்ளதைச் சொல்லுங்க."

வெர்லீன் அதிகாரியைப் பார்த்தாள். பிறகு பின் பெஞ்சுகளைப் பார்த்தாள். கடைசியாக அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"மாசாமாசம் கட்டக் காசில்லாதவங்களுக்குன்னு இருக்கிற ஏழுல சேர எங்கிட்ட காசில்ல. அதனால, கட்டக் காசிருக்கிறவங்களுக்குன்னு இருக்கிற பதிமூணுல சேர்த்துவிட்டீங்க, ஐயா. பதினாலு டாலருதான் இருந்துச்சு. உங்க படிவத்துல அது ஒண்ணுதான் பேனாவால எழுதியிருக்கு, வேணும்னா பாத்துக்குங்க."