கழிச்சு எழுதினானா?

காஞ்சிபுரத்தில் ரிபேட் கேட்காமல் மூச்சுக்கூட விடாத மனிதர் ஒருவர் இருந்தார். ஊர் அவரை ‘ரிபேட்டு’ என்றே கூப்பிட்டது. பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கக் கடையில் முப்பது வருடம் பில் எழுதியவர். பண்டிகைக்குப் பண்டிகை சங்கத்தில் அரசாங்கம் தருகிற தள்ளுபடிக்குத்தான் எங்கள் ஊரில் ரிபேட் என்று பெயர். புடவை விலையை எழுதி, அதன் கீழேயே ரிபேட்டைக் கழித்து, மிச்சத்தை மட்டும் வாங்குவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அவர் காதில் பென்சில் இருந்தது. உலகமே ஒரு பில்லாகத்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

முன்தலை வழுக்கை. முடி வெட்டுகிறவரிடம், பாதித் தலைக்குத்தானே வேலை, மீதிக்கு ரிபேட் உண்டா இல்லையா என்று அரை மணி நேரம் வாதாடுவார். அந்த மனிதர் களைத்துப்போய் “உண்டு” என்றதும் முழுக்கூலியையும் கொடுத்துவிட்டு எழுந்து வருவார். நின்றுகொண்டே வந்த பஸ்ஸில் நடத்துனரிடமும் இதே வழக்கு. பல் பிடுங்கப் போன இடத்தில், பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்ததற்குக் கழிவு கேட்டார். எங்கேயும் ஒரு பைசா குறைத்துக் கொடுத்ததில்லை. ஏன் இந்த வேலை என்று கேட்டால், “உண்டான்னு தெரிஞ்சிக்கணும் சார். தெரியாம உட்டாதான் தப்பு” என்பார்.

நான் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன். எனக்கு அவரைக் கண்டால் இளக்காரம்.

என் தங்கை வேதாவுக்கு ஓரிக்கைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. கணவர் போனபின் அவளுக்கு இருந்த பிடிப்பு அது ஒன்றுதான். பஸ்ஸை நம்பித் தினமும் தாமதம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகும் இப்படியே வந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். மொபெட் வாங்கலாம் என்றால் லைசென்சுக்கு எட்டுப் போட வேண்டும். வேதா மூன்று முறை போய் மூன்று முறையும் பூஜ்யம் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊருக்கு மின்சார ஸ்கூட்டர் வந்தது. மெதுவாக ஓடும் வகைக்கு லைசென்சும் வேண்டாம், பதிவும் வேண்டாம். போதாததற்கு மத்திய அரசின் மானியம் வேறு. வேதாவின் கையிருப்பு மானியம் போக மீதிக்குச் சரியாக இருந்தது. கடைக்குப் போனோம். அழைக்காமலே ரிபேட்டும் வந்தார்.

முழு விலையைக் கட்டுங்கள், மானியம் ஆறு மாதத்தில் செக்காக வரும் என்றார் கடைக்காரர். மானியத் திட்டத்தின் நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்தும் கேட்டார். ரிபேட்டு பில்லை எட்டிப் பார்த்தார்.

“கழிச்சு எழுதலியே சார். எழுதாதது ரிபேட்டே இல்ல.”

“இது புடவை இல்லை. உங்கள் சங்கத்துக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள்” என்றேன், நாலு பேர் சிரிக்கும்படி. அவரும் சிரித்தார். நோட்டீஸில் எல்லாம் இருக்கிறது என்று சொல்லி வேதாவைக் கையெழுத்துப் போட வைத்தேன். உண்மையில் அதை நான் படிக்கவில்லை. பொடி எழுத்து, கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டிருந்தேன்.

வீட்டில் கண்ணாடியோடு நோட்டீஸைப் படித்தேன். மானியத்தை விற்கும்போதே விலையில் கழிக்க வேண்டும் என்று இருந்தது. வேதா கையெழுத்திட்ட தாளின் நகலோ, ‘மானியம் பெற்றுக்கொண்டேன்’ என்றது. முன்பணமாகக் கட்டிய கையிருப்பு கடையில். முழு விலைக்கு வழியில்லை. நான்கு நாளில் மீதி வராவிட்டால் வண்டி வேறு ஆளுக்கு என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கம்பெனிக்கு ஆங்கிலத்தில் மூன்று பக்கக் கடிதம் எழுதினேன்.

“அண்ணா, நீ இங்கிலீஷிலேயே இரு. நான் அவரைக் கூட்டிண்டு போறேன்” என்றாள் வேதா.

மறுநாள் காலை ரிபேட்டு கடைக்குள் போய், காட்சிக்கு வைத்திருந்த ஸ்கூட்டர்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாராம். சண்டையில்லை, சத்தமில்லை. வருகிறவர்களிடமெல்லாம் பென்சிலை நீட்டி, “உனுக்குக் கழிச்சு எழுதினானா பா?” என்று மட்டும் கேட்டிருக்கிறார். கேட்டவர்கள் ஒவ்வொருவராகப் படியிறங்கிப் போனார்கள். இறங்கச் சொன்ன கடைக்காரரிடம், “வண்டி நல்லாருக்குது, யோசிச்சிக்கினு இருக்கேன்” என்றாராம். மதியத்துக்குள் பழைய தாள் கிழிந்தது. கழித்து எழுதிய புது பில் வந்தது. வேதா ஓட்டிக்கொண்டு வர, பின்னாலேயே ரிபேட்டு நடந்து வந்தார். வண்டியின் வேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்று மாலை காபிக் கடையில் விஷயத்தைக் கேட்டார்கள். என் கடிதத்தைக் கண்டு கடைக்காரர் பயந்துவிட்டார் என்றேன். சொல்லி முடித்துத் திரும்பினால் பக்கத்து மேஜையில் ரிபேட்டு.

“சார் எழுதின இங்கிலீஷு அப்படி பா. கடைக்காரன் கையே நடுங்கிச்சு” என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. சொல்லும்போது அவர் பார்வை என் சட்டைப் பைமேல் இருந்தது. தபாலில் போடாத கடிதம், ஒட்டின கவரோடு, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நான் மறுக்கவில்லை. அவர் காலமாகும்வரை நன்றி என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வேதா ஓய்வு பெறும்வரை ஒரு நாளும் தாமதமாகப் போகவில்லை, அது அவரால். ஊரில் என்னை இன்றும் விவரமான மனுஷர் என்கிறார்கள். அதுவும் அவர் போட்டுக் கொடுத்த பில்தான்.