கடைசியாகப் பட்ட கால்

ஸ்ட்ரைக்கர் என்றொரு இனம் உண்டு. கால்பந்து மைதானத்தில் எதிரணியின் கோல் கம்பத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும். பந்து இந்தக் கோடியில் கிடக்கும்போது அது அந்தக் கோடியில் இடுப்பில் கைவைத்து நிற்கும், சாக்ஸை இழுத்துவிட்டுக்கொள்ளும், கூட்டத்தில் தன் படம் தெரிகிறதா என்று நோட்டம் விடும். மற்றவர்கள் நாக்குத் தள்ள ஓடி, உதைபட்டு, சேற்றில் விழுந்து எழுந்து, ஒருவழியாகப் பந்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் அதற்கு உயிர் வரும். முழங்காலில் பட்டாலும் சரி, முதுகில் பட்டாலும் சரி. கடைசியாக யார்மேல் பட்டது? பேர் அவருக்கு.

எனக்குத் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். ஊரே அவரை ராசிக்கால் என்றுதான் கூப்பிட்டது. சின்ன வயதில் தெருவிலேயே பந்து வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், 'நீயும் பின்னால் வந்து தடுடா' என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. அப்படி முன்னால் நின்றவர்தான், கடைசிவரை திரும்பி வரவேயில்லை. தொழில்முறைக் கிளப்பில் அவர் போட்ட முதல் கோல் எப்படி விழுந்தது என்று கேளுங்கள். நடுவரோடு சண்டை போடத் திரும்பினார். பின்னாலிருந்து வந்த பந்து பிடரியில் அடித்து உள்ளே போனது. மறுநாள் பத்திரிகையில் 'தலையால் சாதுரியம்' என்று வந்தது. அதைக் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வீட்டுக்கு வருகிறவர் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினார்.

தவறவிட்டால்? அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் குனிந்து தன் பூட்ஸைப் பார்ப்பார். பிறகு அந்த இடத்துப் புல்லைக் காலால் அழுத்திப் பார்ப்பார். கடைசியில் பந்தைக் கொடுத்தவனைப் பார்த்து இரண்டு கையையும் விரிப்பார். பூட்ஸ், புல், கொடுத்தவன். இந்த மூவரையும் தாண்டிக் குற்றம் அவர் பக்கம் வந்ததே கிடையாது.

வீட்டிலும் இதே ஆட்டம்தான். காலையிலிருந்து மனைவி அடுப்படியில் வெந்துகொண்டிருப்பாள். விருந்தினர் உட்காரும் நேரத்தில் இவர் உள்ளே போய் ஒரு சிட்டிகை மிளகுத்தூளைத் தூவிவிட்டு வந்து, "இன்னைக்கு நம்ம கைப்பக்குவம், சாப்பிட்டுப் பாருங்க" என்பார்.

"ஆமாங்க, டப்பா மூடியை அவர்தான் தொறந்தாரு" என்பாள் மனைவி, பரிமாறிக்கொண்டே.

அந்த மனைவியின் தம்பியும் அதே கிளப்பில்தான் ஆடினான். நடுக்களம். ஓடுவதற்கென்றே பிறந்தவன், அவன் கொடுத்த பந்தில்தான் அத்தான் பாதிக் கோலைப் போட்டார். அவன் மட்டும் அதுவரை ஒரு கோல்கூடப் போட்டதில்லை.

அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் கிளப் முதல் பிரிவில் இருக்கும். இல்லையென்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும். இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிகிற நேரத்தில் தம்பி வெகுதூரத்திலிருந்து ஓங்கி ஓர் உதை விட்டான். கோல்கீப்பர் பாய்ந்தார், எட்டவில்லை. பந்து அவரைத் தாண்டிக் காலியான கோலுக்குள் உருண்டு போய்க்கொண்டிருந்தது. யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பார்த்துக்கொண்டு நின்றால் போதும்.

ராசிக்காலால் நிற்க முடியுமா? எதிரணி ஆட்கள் எல்லோரையும் தாண்டி, வழக்கம்போலக் கம்பத்தடியில் குடியிருந்தவர், கோட்டருகே சறுக்கிப் போய்க் கால் கட்டைவிரலால் பந்தைத் தொட்டார். தொட்ட கையோடு எழுந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து ஓடினார். கூட்டம் அவரைப் பார்க்கவில்லை. ஓரத்து நடுவர் தூக்கிய கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆஃப்சைடு. எதிரணி ஆட்களைத் தாண்டி நின்றவர் தொடாமல் இருந்திருந்தால் கோல், தொட்டதால் இல்லை. கிளப் இறங்கியது.

உடை மாற்றும் அறையில் தம்பி தலையைத் தூக்காமல் கேட்டான். "உள்ளதான போயிட்டிருந்துச்சு, அத்தான்?"

"அப்படித்தான் தெரியும் மச்சான். அது கடைசில வெளிய திரும்புற பந்து. நான் காப்பாத்தத்தான் பாத்தேன்."

வீட்டில் மனைவி கத்தவில்லை. தம்பிக்குச் சோறு போட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்குத்தான் எத்தனையோ கோல் இருக்கே. அவனுக்கு ஒண்ணை விட்டிருக்கக் கூடாதாங்க?"

ராசிக்கால் பழக்கதோஷத்தில் குனிந்து பூட்ஸைப் பார்த்தார். வீட்டுக்குள் ஏது பூட்ஸ்? வெறும் கால்தான் இருந்தது. அவரை இவ்வளவு கேலி செய்கிற எனக்கும் அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆபீஸில் அடுத்த மேஜைக்காரர் வாரக்கணக்கில் எழுதிய அறிக்கையில் ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டு, மேலதிகாரியிடம் 'நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணோம் சார்' என்றவர் நீங்கள் இல்லைதானே? இருக்கட்டும். இந்தக் கதையையும் நாளைக்கு நாலு பேரிடம் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லி முடித்ததும், 'இதைத்தான் நான் ரொம்ப நாளாச் சொல்லிட்டிருக்கேன்' என்று ஒரு வரி சேர்க்க நாக்கு துடிக்கும். வேண்டாம். பந்து தானாகவே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. காலை மடக்கிக்கொள்ளுங்கள்.